ஆங்கிலத்தின் பெயரால் ஒரு பழி

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் காலமெல்லாம் கெடா மாநிலத் தமிழர் மேடைகளில் ஒரு கூற்றுத் தவறாமல் ஒலிக்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை. வராமைக்குக் காரணம் அவர்கள் ஆறாண்டுக் காலம் தமிழில் படித்ததுதான். ஆகவே தமிழ்ப்பள்ளியை விடுத்துத் தேசியப்பள்ளிக்கு அனுப்பினால் ஆங்கிலம் தானே வந்து சேரும் என்பது அதன் சாரம். சுங்கைப்பட்டாணியில் ஒலிப்பதும் இதுவே. கூலிமில் ஒலிப்பதும் இதுவே. கைதட்டலும் கிடைக்கிறது.

இதைச் சொல்வோர் அனைவரும் தமிழ்ப் பகைவர் அல்லர். லயத்து வீட்டில் பிறந்து, பால்வாளி சுமந்த தாயின் உழைப்பில் படித்து, பட்டணத்தில் வீடு வாங்கி அமர்ந்தவர்கள் அவர்களுள் பலர். ஆங்கிலம் அறியாமையால் நேர்முகத் தேர்வில் நாணித் திரும்பிய நாள்கள் அவர்கள் நெஞ்சில் வடுவாக நிற்கின்றன. அவர்கள் கண்ட குறை உண்மையே. முதல் படிவத்தில் ஆங்கிலப் பாடவேளைக்கான மணி ஒலித்ததும் கடைசி வரிசையில் தலைகவிழ்ந்து அமரும் பிள்ளைகளுள் தோட்டப்புறத் தமிழ்ப் பிள்ளைகளும் உளர் என்பதை எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார். ஆனால் நோயைக் கண்டவர் கூறும் காரணமெல்லாம் மெய்யாகிவிடாது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் தாய்ப்பாலை நிறுத்து என்று சொல்லும் மருத்துவரை ஊர் என்ன பெயரிட்டு அழைக்குமோ, அந்தப் பெயருக்கு உரியவர்கள் இம்மேடைப் பேச்சாளர்கள்.

இக்கூற்றைச் சோதிக்க ஒரு வழி உண்டு. தாய்மொழிக் கல்வியே ஆங்கிலத்துக்குத் தடை என்றால், தாய்மொழிக் கல்வி அறவே இல்லாத பிள்ளைகளிடம் ஆங்கிலம் செழித்திருக்க வேண்டும். அத்தகைய பிள்ளைகளைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. இதே கெடா மாநிலத்தில், பாலிங் மாவட்டத்தில் அவர்கள் இருக்கிறார்கள்.

பாலிங் என்றவுடன் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது 1955ஆம் ஆண்டு டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் நடந்த பேச்சுவார்த்தை. துங்கு அப்துல் ரகுமானும் டேவிட் மார்ஷலும் கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கைச் சந்தித்தது அவ்வூர் அரசாங்க ஆங்கிலப்பள்ளிக் கட்டடத்தில்தான். மூத்தவர்களுக்கு 1974 நவம்பரும் நினைவிருக்கும். ரப்பர் விலை வீழ்ந்து, சிறுதோட்டக்காரர்கள் வயிற்றுக்கில்லாமல் வீதிக்கு வந்த மாதம் அது. ஆனால் பாலிங்கிற்கு அப்பால், உலு லெகோங் வெந்நீரூற்றுப் பக்கம், லுபுக் லெகோங் என்ற கிராமம் இருப்பதைப் பலர் அறியார். கெடாவின் பூர்வகுடிகளான கென்சியூ மக்களின் ஊர் அது. தீபகற்பத்து ஓராங் அஸ்லி மக்களை நெகிரித்தோ, செனோய், முதுமலாயர் என்று மூன்று பெரும் பிரிவாகவும் பதினெட்டு இனக்குழுக்களாகவும் அரசு வகுத்துள்ளது. அவற்றுள் நெகிரித்தோப் பிரிவைச் சேர்ந்தவர்கள் கென்சியூ மக்கள். எல்லைக்கு அப்பால் தென்தாய்லாந்திலும் அவர்தம் உறவினர் வாழ்கின்றனர். இரு நாட்டிலும் கூட்டிப் பார்த்தாலும் அம்மொழியைப் பேசுவோர் சில நூறு பேரே.

லுபுக் லெகோங் பிள்ளைக்குக் கென்சியூ மொழியில் பாடம் இல்லை. பாடத்திட்டத்தில் அம்மொழிக்கு இடமே இல்லை. முதலாம் ஆண்டின் முதல் நாளிலிருந்து தேசியமொழியில்தான் கல்வி. மேடைப் பேச்சாளர்கள் தமிழ்ப் பிள்ளைக்கு எதை மருந்தென்று பரிந்துரைக்கிறார்களோ, அந்த மருந்தை ஒரு துளியும் குறையாமல் அருந்தி வளர்பவர்கள் பூர்வகுடிப் பிள்ளைகள். அதன் பயன் யாது? தீபகற்பம் எங்கும் ஓராங் அஸ்லிப் பிள்ளைகள் ஆறாம் ஆண்டுக்கும் முதல் படிவத்துக்கும் இடையில் பள்ளியைவிட்டு நின்றுவிடுவதைத் தடுக்க, கல்வி அமைச்சு 'கே9' என்னும் தனித் திட்டத்தையே வகுக்க வேண்டியதாயிற்று. முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் படிவம் வரை ஒரே வளாகத்தில் படிக்க வகைசெய்வது அத்திட்டம். ஆங்கிலத்தில் அவர்கள் முன்னணியில் நிற்கிறார்கள் என்று கூற எவர் நாவும் எழாது. தாய்மொழியை நீக்கினால் ஆங்கிலம் வரும் என்பது மெய்யானால், இந்நாட்டின் சிறந்த ஆங்கிலப் புலவர்கள் இன்று பூர்வகுடிக் கிராமங்களிலிருந்து அன்றோ வந்திருக்க வேண்டும்?

அவர்கள் பின்தங்கியது வறுமையால், தொலைவால், பெற்றோர் கல்வியின்மையால். மொழியால் அன்று என மறுமொழி வரும். மிக நன்று. அவ்வாறாயின், தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை பின்தங்கும்போது மட்டும் வறுமையும் தொலைவும் பெற்றோர் கல்வியின்மையும் எங்கே ஓடி ஒளிந்துகொள்கின்றன? கென்சியூப் பிள்ளைக்கு வறுமை காரணம், தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் காரணம் என்பது எந்த நியாயம்? ஒரே சாலையில் ஒரே பேருந்தில் வந்து ஒரே வகுப்பில் அமரும் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு துலாக்கோல்.

பழைய ஆங்கிலப்பள்ளிகளைச் சுட்டிக்காட்டுவோரும் உளர். அலோர் ஸ்டாரில் 1908இல் தொடங்கப்பெற்ற சுல்தான் அப்துல் ஹமீது கல்லூரி போன்ற பள்ளிகளில் பயின்றவர்கள் தாய்மொழிப்பள்ளியின் வாசலை மிதியாமலேயே நல்ல ஆங்கிலம் பேசினார்களே என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. அங்குப் படித்தோர் யாவர்? பட்டணத்துப் பிள்ளைகள், அரசாங்க எழுத்தர் பிள்ளைகள், கட்டணம் செலுத்த வல்லவர் பிள்ளைகள். பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைத்ததோ தோட்டத்து ஒற்றையாசிரியர் பள்ளி. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் ஆசிரியராகி நின்ற கொட்டகை. நூறு பேரைத் தொடக்கத்திலேயே கழித்துவிட்டு, மிஞ்சிய ஐவரின் வெற்றியை நூற்றுவருக்கும் வழிகாட்டியாகக் கொள்வது கணக்காகாது. இரண்டாவது ஓட்டை அதைவிடப் பெரியது. அப்பள்ளிகளில் ஆங்கிலம் ஒரு பாடமன்று; எல்லாப் பாடத்துக்கும் அதுவே மொழி. 1970இல் முதலாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக அந்த முறை மாற்றப்பட்டு, 1980களின் தொடக்கத்தில் இடைநிலைப்பள்ளி வரை முற்றிலும் மாறியது. இன்று தமிழ்ப்பள்ளியை விட்டுத் தேசியப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளை பழைய ஆங்கிலப்பள்ளிக்குச் செல்லவில்லை. வாரத்தில் சில பாடவேளை ஆங்கிலம் கற்பிக்கும் மற்றொரு பள்ளிக்குச் செல்கிறது, அவ்வளவே. இல்லாத ஊருக்குப் போகாத வழியைக் காட்டுகிறார்கள்.

ஆங்கிலத்தில் மேலும் சில பாடங்களை நடத்தினால் போதும் என்ற மருந்தும் ஒருமுறை சோதிக்கப்பட்டது. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்ற திட்டம் 2003இல் முதலாம் ஆண்டிலும் முதல் படிவத்திலும் ஆறாம் படிவத்தின் தொடக்க வகுப்பிலும் ஒரே நேரத்தில் நடைமுறைக்கு வந்தது. 2009 ஜூலையில் அதைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டு, 2012 முதல் செயற்படுத்தப்பட்டது. சிற்றூர்ப் பிள்ளைகள் அப்பாடங்களில் மேலும் பின்தங்கினர் என்பது அரசு கூறிய காரணங்களுள் ஒன்று. தோட்டத்துப் பிள்ளை கணிதத்தையும் இழந்தது, ஆங்கிலத்தையும் பெறவில்லை. அப்போது வீதியில் இறங்கியவர்களும் உண்டு, வாய்மூடி இருந்தவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் எஸ்.பி.எம். தேர்ச்சியைக் கட்டாயமாக்கும் அறிவிப்பும் அவ்வாறே. 2016 முதல் என்று கூறப்பட்ட அது பின்னர்த் தள்ளிவைக்கப்பட்டது. சட்டத்தாலும் சுற்றறிக்கையாலும் ஆங்கிலம் வரும் என்றால் அது எப்போதோ வந்திருக்கும்.

பின், ஆங்கிலம் எவ்வாறு வரும்? பிள்ளை எந்த மொழியில் உலகை அறிந்ததோ, அந்த மொழியின் தோளில் ஏறித்தான் இன்னொரு மொழி வரும். 1953ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோ நிறுவனம் வட்டார மொழிகள் குறித்த தன் அறிக்கையில் தாய்மொழியே கல்வியின் முதன்மொழி என்பதை வலியுறுத்தியது. கனடிய அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் ஒரு கருத்தை விரிவாக எடுத்துரைத்தார். முதல் மொழியில் பெற்ற எழுத்தறிவும் சிந்தனைத் திறனும் இரண்டாம் மொழிக்கு இடம்பெயர்கின்றன. முதலாவது வலுவிழந்தால் இரண்டாவதும் வலுவிழக்கிறது என்பது அக்கருத்தின் மையம். மேல்நாட்டார் சொன்னால்தான் ஏற்போம் என்பவர்களுக்காக இவ்விரண்டும். வகுப்பறையில் நின்று பார்த்தவர்களுக்கு இவை தேவையில்லை.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். முதல் படிவப் பிள்ளை ஆங்கிலத்தில் 'ஹி கோ' என்று எழுதுகிறது. 'ஹி கோஸ்' என எழுத வேண்டும். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துகிறார். மறுவாரமும் அதே பிழை. ஏன்? மலாய் வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறாது. நான் போனாலும் அவன் போனாலும் அவர்கள் போனாலும் 'பெர்கி' என்பதுதான். நேற்றுக்கும் நாளைக்கும்கூட அதே வடிவம், காலத்தைக் காட்ட வேறு சொல் உடன்வரும். மலாய்மொழி வழியாகவே ஆங்கிலத்தை விளக்கக் கேட்ட பிள்ளைக்கு வினை ஏன் வால் முளைத்து நிற்க வேண்டும் என்பது விளங்குவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் வாயில் போகிறேன், போகிறான், போகிறார்கள் என்ற வேறுபாடு மூன்று வயதிலேயே குடியேறிவிட்டது. போனான், போவான் என்று காலத்தையும் வினையே சுமக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒரு வால் போதும், தமிழுக்கு ஆளுக்கொரு வால் வேண்டும் என்று ஆசிரியர் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக்காட்டினால், பிள்ளை சிரிக்கும். சிரித்த பின் மறவாது. அவ்வாறே மேசையின் மேல், வீட்டுக்குள், மரத்தடியில் என்று தமிழில் பெயருக்குப் பின்னால் நிற்பவை ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் போய் நிற்கும் என்ற ஒரே விதி ஓராண்டு உழைப்பை மிச்சப்படுத்தும். எனக்குப் பசிக்கிறது என்பதை ஆங்கிலமாக்கும்போது 'எனக்கு' எங்கே போயிற்று என்று தேடும் பிள்ளையிடம், ஆங்கிலத்தில் பசி வருவதில்லை, ஆளே பசியாகிவிடுகிறான் என்று சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். இத்தகைய ஆசிரியர் இரு மொழியும் அறிந்தவராக இருத்தல் வேண்டும். தமிழை வகுப்பறைக்கு வெளியே செருப்போடு கழற்றிவைத்துவிட்டு வா என்று பணிக்கும் கல்விமுறையில் அவர் எங்கிருந்து தோன்றுவார்?

இங்குத் தமிழ்ப்பள்ளிகளின் குற்றத்தையும் மறைத்தல் கூடாது. தாய்மொழியின் பெயரால் உரக்க முழங்குவோர் பலர் தம் பள்ளியின் ஆங்கில வகுப்பை எட்டிப் பார்ப்பதில்லை. பத்தியை வாசித்து, சொல்லுக்குச் சொல் தமிழில் பொருள் கூறி, பிள்ளைகளைக் கூட்டமாகக் கத்தவைத்துப் பாடவேளையை முடிப்பது தாய்மொழி வழியாக ஆங்கிலம் கற்பிப்பது ஆகாது; அது இரண்டு மொழிக்கும் செய்யும் துரோகம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடந்த காலமெல்லாம் ஆயத்தக் கட்டுரைகளை மனப்பாடம் செய்வித்துத் தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்திக் காட்டிய பள்ளிகள் இருந்தன. கடற்கரையைப் பற்றிய கட்டுரையை நெட்டுருப் போட்ட பிள்ளை, வினாத்தாளில் ஆற்றங்கரை வந்தபோது கையைப் பிசைந்து நின்றது. அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. மனப்பாடப் பழக்கம் நீங்கியதா என்பதை அப்பள்ளிகளே சொல்லட்டும். தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதுவது எளிது. அத்தமிழைக் கருவியாகக் கொண்டு ஆங்கிலத்தின் பூட்டைத் திறக்கும் பயிற்சியே அரிது. எதிர்ப்பாளர்களுக்குப் படைக்கலம் எடுத்துக் கொடுத்தவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

மீண்டும் லுபுக் லெகோங். தமிழ்ப் பிள்ளைக்கேனும் வீட்டில் பேசும் மொழிக்கு எழுத்துண்டு, இலக்கணமுண்டு, பள்ளியுண்டு, பல்கலைக்கழகத்தில் துறையுண்டு. கென்சியூப் பிள்ளை தன் மொழியைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே வருகிறது. வீட்டில் கென்சியூ, கடைத்தெருவில் கெடா வட்டார மலாய், பாடநூலில் செந்தரமான தேசியமொழி, அதன் வழியாக ஆங்கிலம். நான்காம் மாடிக்கு ஏற வேண்டிய பிள்ளைக்குத் தரைத்தளமே மறுக்கப்படுகிறது. அப்பிள்ளை வாய்திறவாதபோது, இவர்களுக்கு மொழியறிவே குறைவு என்ற தீர்ப்பு எளிதாக வழங்கப்படுகிறது.

மொழியறிவு குறைவாம்! கென்சியூவின் நெருங்கிய உறவுமொழி ஜஹாய். பேராக், கிளந்தான் காடுகளில் வழங்குவது. அம்மொழியை ஆராய்ந்த அசிஃபா மஜித், நிக்லாஸ் புரென்ஹுல்ட் ஆகிய இருவரும் 2014இல் வெளியிட்ட முடிவு உலகின் மொழியறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது. மணங்களைக் குறிக்க மட்டும் ஜஹாயில் ஏறத்தாழப் பன்னிரண்டு அடிச்சொற்கள் உள்ளன. ஆங்கிலம் பேசுவோர் ஒரு மணத்தை முகர்ந்தால் இது போல, அது போல என்று உவமை தேடித் தடுமாறுகின்றனர். ஜஹாய் மக்களோ நிறத்துக்குப் பெயர் சொல்வதுபோல் மணத்துக்கும் தயங்காது பெயர் சொல்கின்றனர். கென்சியூ மொழியின் உயிரொலிகளோ மலாய்மொழியின் ஆறையும் தமிழின் பத்தையும் விஞ்சுபவை. அத்தகைய செவிக்கு, ஆங்கிலத்தின் நுண்ணிய உயிரொலி வேறுபாடுகள் அச்சமூட்ட வேண்டியவையே அல்ல. மலாய்மொழியில் இல்லாத ஆங்கில ஒலியைக் கேட்டுப் பிரித்தறியும் திறம் அந்தக் கடைவரிசைப் பிள்ளையின் காதில் உறங்கிக்கொண்டிருக்கலாம். எழுப்பிப் பார்த்தவர் யார்?

எழுப்புவதற்கு மாறாகப் பிள்ளையின் கையில் கொடுக்கப்பட்டது ஓர் இறக்குமதி நூல். ஐரோப்பியத் தரவரிசையைப் பின்பற்றும் கொள்கையின்படி, 2018 முதல் படிவம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் மெக்மில்லன் பதிப்பகத்தின் 'பல்ஸ் 2' ஆங்கிலப் பாடநூலாயிற்று. உள்நாட்டு ஆசிரியர்கள் எழுதிவந்த நூல் விலக்கப்பட்டு, உலகச் சந்தைக்காக எழுதப்பட்டது வந்தமர்ந்தது. நூல் தீயதன்று, அச்சும் அழகியது. ஆனால் பாலிங்கின் ரப்பர் மரமும் கூலிமின் செம்பனையும் காட்டுப் பிரம்பும் வெந்நீரூற்றும் அதை எழுதியவர் மனத்தில் இருந்திருக்க வழியில்லை. அறிந்த பொருளுக்கு அறியாத சொல்லைக் கற்பிக்கலாம். அறிந்த சொல்லால் அறியாத பொருளை விளக்கலாம். இரண்டையும் ஒருசேர அறியாததாக்கிப் பிள்ளையின் முன் வைப்பது கற்பித்தல் ஆகுமா?

சட்டம் என்ன சொல்கிறது? 1954ஆம் ஆண்டுப் பூர்வகுடி மக்கள் சட்டம், பூர்வகுடி என்ற ஒரே காரணத்துக்காக எக்குழந்தையையும் எப்பள்ளியிலிருந்தும் விலக்குதல் கூடாது என்கிறது. கதவு திறந்தது, உள்ளே சென்ற பிள்ளையின் மொழி வெளியே நின்றது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்குக. தேசியப்பள்ளியில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழோ சீனமோ கற்பிக்க வசதி செய்தல் வேண்டும். பூர்வகுடி மொழிகளுக்கும் அதே பதினைந்து. ஆனால் அவற்றுக்கு மட்டும், நியாயமாகவும் நடைமுறைக்கு இயன்றதாகவும் இருப்பின் என்றொரு நிபந்தனை கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கற்பிக்க ஆசிரியர் இல்லை, ஆகவே நடைமுறைக்கு இயலாது. கற்பிப்பதே இல்லை, ஆகவே ஆசிரியரை உருவாக்கத் தேவையில்லை. செக்கைச் சுற்றும் மாடும் இதைவிட நேராக நடக்கும். எண்ணிக்கையில் பெரிய செமாய் மொழிக்கு 1990களின் இறுதியில் சில தொடக்கப்பள்ளிகளில் இடம் கிடைத்தது. சபாவின் கடசான்டுசுன் மொழி 1997இல் பள்ளிக்குள் வந்தது. இபான் மொழி 2008இல் எஸ்.பி.எம். தேர்வுப் பாடமாயிற்று. இயலாதது என்று எதுவும் இல்லை என்பதற்கு இவை சான்று. சில நூறு பேரின் மொழிக்கு வாக்குப்பெட்டியில் எடை இல்லை, அதுதான் இயலாமை.

தமிழ்ப்பள்ளியும் சீனப்பள்ளியும் அரசியலமைப்புக்கு முரணானவை என்று வழக்குத் தொடுக்கப்பட்டபோது, 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றமும் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வழக்கைத் தள்ளின. அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு, தேசியமொழிக்குரிய இடத்தை உறுதிசெய்வதோடு, பிற மொழிகளைக் கற்பிக்கவும் கற்கவும் உள்ள உரிமையையும் காக்கிறது. தமிழர் மகிழ்ந்தனர், மகிழ்ந்தது முறையே. ஆனால் அப்பிரிவில் தமிழ் என்ற பெயர் குறிக்கப்படவில்லை. லுபுக் லெகோங் குழந்தைக்கும் அதே பிரிவுதான் காவல். அதன் நிழலில் ஒதுங்கியவர்கள், வெயிலில் நிற்கும் அண்டை வீட்டுக் குழந்தையை ஏறிட்டும் பாராதிருப்பது என்ன நேர்மை?

பாராதிருப்பது மட்டுமா? 'சாக்காய்' என்ற இழிசொல்லைத் தோட்டத்துத் திண்ணைகளில் எத்தனை எளிதாகப் புழங்கினார்கள்! 'கெலிங்' என்று பிறர் சொன்னால் கொதிக்கும் குருதி, இச்சொல்லுக்கு மட்டும் குளிர்ந்துகிடந்தது. பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கற்களைக் காட்டி, ஆயிரம் ஆண்டுக்கு முன் கடாரத்தை வென்ற சோழன் புகழை ஆண்டுதோறும் பேசுகிறார்கள். 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பெருமையாகப் பேசும் நாவுக்கு, அக்கப்பல்கள் கரைசேர்வதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் வாழ்ந்தவர்களின் வழிவந்தோர் பாலிங்கில் இருப்பது மட்டும் தெரியாமற் போயிற்று.

ஆங்கிலத்துக்காகத் தாய்மொழியை அழித்த நாடுகள் என்ன பெற்றன என்பதற்குக் கனடாவின் வரலாறு சான்று. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உண்டுறைப்பள்ளிகளில் அடைத்தார்கள். தாய்மொழி பேசிய குழந்தை தண்டிக்கப்பட்டது. அப்பள்ளிகளுள் கடைசியானவை 1990களில்தான் மூடப்பட்டன. 2008இல் அந்நாட்டுத் தலைமையமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2015இல் உண்மை, நல்லிணக்க ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. ஆங்கிலம் பேசும் நாட்டில், ஆங்கிலம் ஒன்றையே நூறாண்டுக்கு மேல் ஊட்டியும், எஞ்சியது சிதைந்த குடும்பங்களும் அழியும் நிலையிலுள்ள மொழிகளும். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982இல் தாய்மொழி மழலையர் பள்ளிகளைத் தொடங்கி எதிர்த்திசையில் நடந்தனர். இந்தியாவில் ஒடிசா அரசு 2007இல் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியை ஆரம்பித்தது. அவற்றுள் கூயியும் கோயாவும் தமிழின் உறவுமொழிகள். நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலும் பணியர், பெட்டக்குறும்பர் முதலிய ஆதிவாசிக் குழந்தைகளுக்காக வித்யோதயா என்ற பள்ளி 1990கள் முதல் நடந்துவருகிறது. அங்கே அவ்வச் சமூகத்து இளைஞர்களே பயிற்சிபெற்று ஆசிரியராக நிற்கின்றனர். தமிழ்மண்ணில் நடப்பது தமிழர் வாழும் கெடாவில் ஏன் கனவாகவே இருக்க வேண்டும்?

வேண்டுவது பெரிய ஒதுக்கீடு அன்று. கென்சியூ கிராமத்திலிருந்து படித்த இளைஞர் ஒருவர் துணையாசிரியராக வகுப்பில் அமரட்டும். பிள்ளையின் கையில் மூன்று பத்தியிட்ட ஒரு கையேடு: முதற்பத்தியில் கென்சியூச் சொல், அடுத்ததில் மலாய், மூன்றாவதில் ஆங்கிலம். மரம், வேர், தேன், மழை, மணம் என்று பிள்ளை அறிந்த உலகிலிருந்து அது தொடங்கட்டும். இறக்குமதி நூலை முதற்பருவத்தில் மூடிவைத்துவிட்டு வாய்மொழி ஆங்கிலத்துக்கு இடம்கொடுக்க, பள்ளித் தலைமைக்குத் துணிவு இருந்தால் போதும். அதே வகுப்பில் அமர்ந்துள்ள தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் இதே கையேடு, முதற்பத்தியில் தமிழோடு. இரு பிள்ளைகளும் கையேட்டை மாற்றிப் பார்த்துக்கொள்வார்கள். கென்சியூப் பிள்ளை ஆசிரியருக்கே ஒரு சொல்லைக் கற்றுக்கொடுக்கும் நாள் வரும். அன்று அப்பிள்ளை கடைசி வரிசையிலிருந்து எழுந்து வரும்.

சுங்கைப்பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹலிம் ஆசிரியர் பயிற்சிக் கழகம் இருக்கிறது. அங்கிருந்து பாலிங் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். கற்பித்தல் பயிற்சிக்காக அனுப்பப்படும் ஆங்கில ஆசிரியப் பயிற்சியாளர்களில் ஆண்டுக்கு நால்வரையேனும் லுபுக் லெகோங்கில் ஒரு வாரம் தங்கவைத்து, அம்மக்களோடு அமர்ந்து அந்த முதற்பத்தியை எழுதிவரச் செய்ய எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை, எந்த அமைச்சரவை முடிவும் தேவையில்லை. தமிழ்ப்பள்ளியை மூடச்சொல்லி மேடையேறும் பெருமக்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் அவ்வூருக்கு ஒருமுறை சென்று, தாய்மொழியில் ஒரு பாடமும் படித்திராத அங்குள்ள முதல் படிவப் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் பெயர் கேட்டுப் பார்க்கட்டும்.